அம்ப் இரைந்தது, பிழை கிணற்றடியில்

அப்பாவின் செற் ஊமையாகி இரண்டு வருடம். கசற் ஓடுகிற பக்கம் எப்போதோ போய்விட்டது. பிறகு றேடியோவும் அடங்கியது. ஆனால் அதனோடு வந்த இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளும் அலுமாரிக்கு மேலே பழைய சாரத்தால் மூடியபடி சுகமாகக் கிடந்தன. பின்னுக்கு 8 ஓம் என்று அடித்திருந்தது. மீற்றர் வைத்தேன்: ஒன்று 6.7, மற்றது 6.8. 8 ஓம் ஸ்பீக்கரை மீற்றர் அப்படித்தான் காட்டும், அது கம்பியின் நேர்மின் தடை மட்டும். கூம்பை நாலு விரலால் மெல்ல அழுத்தினேன், உரசல் இல்லை. அந்த இரண்டு பெட்டியையும் பார்த்துத்தான், அவற்றைப் பாட வைக்க ஒரு அம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, நானே செய்கிற வேலையில் இறங்கினேன்.

சிறுபோகம் வெட்டி முடிந்த நேரம். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் தருமபுரத்தில் அந்த நாட்களில் சோளகக் காற்று எழுப்புகிற புழுதியைத் தவிர வேறு அசைவு பெரிதாக இருக்காது. கையில் கொஞ்சம் காசும் இருந்தது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்வந்த சிநேகிதன் ஒருவனிடம் சொல்லிவிட்டு ஒரு கிற் எடுப்பித்தேன். சத்தத்தைப் பெருக்குகிற எல்.எம்.1875 ஐசி இரண்டு, வெறும் போட், றெசிஸ்ரர், கப்பாசிற்றர், வொலியூம் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள்.

புளூரூத்தோடு முடித்த போட்கள் இதைவிட மலிவாகக் கிடைக்கின்றனவே என்று அவன் கேட்டான். கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்று எரிந்தால் எறியத்தான் வேண்டும். எல்.எம்.1875க்கு ஐந்தே கால்கள். நஷனல் செமிகண்டக்ரர் வடிவமைத்த பழைய சாமான். அந்த நிறுவனத்தை 2011 இல் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் வாங்கிவிட்டது. அதன் தரவுத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் என்ன இருக்க வேண்டும் என்று மீற்றரால் தொட்டுப் பார்க்கலாம். எனக்கு அது போதும்.

இந்த ஐசி தருவது 20 வாற் அளவு. அவனுடைய அடுத்த கேள்வி, "20 வாற் காணுமோ?" அவன் விற்கிற செற்றுகளில் 1000 வாற் பி.எம்.பி.ஓ என்று ஒட்டியிருக்கும், அந்தப் பழக்கம். பி.எம்.பி.ஓ என்ற, ஒரு கணத்து உச்சத்தைக் காட்டுகிற அளவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் கணக்கு இதுதான்: வாற்றை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல், காதுக்கு அது கொஞ்சம் கூடினது மாதிரித்தான் தெரியும். ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றரில் 88 டெசிபெல் தருகிற சாதாரண ஸ்பீக்கருக்கு 16 வாற் கொடுத்தால் 100 டெசிபெல். எங்கள் விறாந்தைக்கு அது மிச்சம். கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டுகிற வேலையல்ல இது.

கிற்றில் வராத சாமான்தான் விலை கூடிய சாமான்: ரான்ஸ்போமர். கிளிநொச்சியில் ஒரு கடையில் 22-0-22, அதாவது நடுத்தட்டுக்கு இரண்டு பக்கமும் 22 வோல்ற் தருவது, இருந்தது. "இதைப் போடுங்கோ, சத்தம் கூட வரும்" என்றார் கடைக்காரர். கடை வாசலில் நின்று போனில் பெருக்கிப் பார்த்தேன். ஏசியை டிசியாக்கும்போது கப்பாசிற்றர் உச்சம்வரை நிரம்பும்: 22ஐ 1.414 ஆல் பெருக்கினால் 31. இரண்டு பக்கமும் சேர்ந்து 62. இந்த ஐசிக்கு உச்சவரம்பு 60 வோல்ற். சுமையில்லாத நேரத்தில் ரான்ஸ்போமர் தன் பெயருக்கு மேலேயே தரும், கரண்டும் 230 இல் நிற்கும் என்றில்லை. போட்ட அன்றே ஐசி போயிருக்கும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பரந்தன் பக்கம் தண்ணீர் மோட்டருக்குக் கொயில் கட்டுகிற ஒரு அண்ணை இருக்கிறார். வயற்காரர் எல்லோரும் அவரிடம்தான். அவரிடம் போய் 18-0-18, 3 அம்பியர் என்றேன். எரிந்துபோன ஒரு ஸ்ரெபிலைசரின் தகடுகளைக் கூட்டி எடுத்து, நடுநாக்கை அளந்தார்: அகலம் 3 சென்ரிமீற்றர், அடுக்கின் உயரம் 3.75. பெருக்கினால் 11.25. "நாப்பத்தைஞ்சை உதாலை பிரி தம்பி." நாலு வந்தது. ஒரு வோல்ற்றுக்கு நாலு சுற்று. 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு, தகட்டில் ஒரு ரெஸ்லா புலம் என்று வைத்தால் வருகிற எண்தான் அந்த 45. அண்ணைக்கு ரெஸ்லா தெரியாது, நாற்பத்தைந்து தெரியும். 230 வோல்ற்றுக்கு 920 சுற்று. அந்தப் பக்கம் 36க்கு 144, சுமை ஏறும்போது விழுகிற வோல்ற்றுக்கு ஆறு சேர்த்து 150, சரியாக நடுவில் 75 இல் ஒரு தட்டு. பீடியை அணைத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தாள் வைத்து, எண்ணிக்கை தவறாமல் சுற்றினார். 230 பக்கச் சுற்றுக்கும் 36 பக்கச் சுற்றுக்கும் நடுவில் மூன்று தாள். அந்த மூன்று தாள்தான் 230க்கும் அம்பைத் தொடுகிற கைக்கும் இடையில் இருப்பது. வார்னிஷ் காய மூன்று நாள். கிற்றின் விலையைப்போல இரண்டரை மடங்கு முடிந்தது, தூக்கினால் கையில் நல்ல பாரம்.

டயோட் பாலத்தையும் இரண்டு 4700 மைக்ரோ கப்பாசிற்றரையும் ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். "உது நாலும் டயோட்தானே?" ஓம். அவருக்குத் தெரியாமல் எப்படி? பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு சாய்த்து, நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர், அதிலிருந்து றேடியோவுக்கு இரண்டு வயர். 6 வோல்ற், 3 வாற் டைனமோ. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. செய்தி வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்குவதும் வாங்காததும் என் கையில் இருந்தது. கை களைத்து ஒரு கணம் விட்டால் குரல் உடனே அறாது, கப்பாசிற்றரில் இருக்கிற மிச்சத்தில் ஒரு சொல் இரண்டு சொல் வரும், பிறகு தேயும். "சுத்தடா, சுத்தடா" என்று அப்பா காதை றேடியோவில் வைத்தபடியே கையைக் காட்டுவார். சுற்றுவது நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கப்பாசிற்றர். பள்ளிக்கூடத்தில் படிக்க முதலே எனக்கு அது தோளில் தெரியும்.

இங்கேயும் அதே விஷயம்தான். கரண்ட் செக்கனுக்கு நூறு தரம் கப்பாசிற்றரை நிரப்புகிறது, இடையில் உள்ள 10 மில்லிசெக்கனுக்குக் கப்பாசிற்றர் தாங்க வேண்டும். ஒரு அம்பியர் இழுத்தால் 4700 மைக்ரோவில் இரண்டு வோல்ற் அளவு இறங்கும். பரவாயில்லை.

போட்டில் ஈயம் வைப்பது அரை நாள் வேலை, அதில் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு றெசிஸ்ரரையும் மீற்றரில் அளந்து பிறகு வையுங்கள், நிறக் கோடுகளை நம்ப வேண்டாம். என் பையில் ஆயிரம் ஓம் என்று பிரித்து வைத்த சுருளுக்குள் பத்தாயிரம் ஒன்று இருந்தது, சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத பூச்சு. அதை வைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் பெருக்கம் 23 மடங்குக்குப் பதிலாக 3 மடங்கு ஆகியிருக்கும். இந்த ஐசி பத்து மடங்குக்குக் கீழே போனால் தன்பாட்டில் ஊசலாடத் தொடங்கும்.

வெப்பத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இணையத்தில் இருக்கிற கணக்கெல்லாம் 25 பாகை அறைக்குப் போட்டது. எங்கள் வீட்டுக்கு மேலே தகரம். பின்னேரம் இரண்டு மணிக்கு உள்ளே 40. ±25 வோல்ற், 8 ஓம் என்றால் ஒரு ஐசி மிக மோசமான நேரத்தில் கிட்டத்தட்ட 16 வாற் வெப்பம் கக்கும். சும்மா இருக்கும்போதே குடிக்கிற மூன்றரையையும் சேர்த்தால் 19 சொச்சம். உள்ளே 150 பாகையைத் தாண்டவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஐசிக்குள்ளே 3, மைக்காவுக்கும் பசைக்கும் 1 கழித்து, 25 பாகை அறைக்காரனுக்கு ஒரு வாற்றுக்கு இரண்டரைப் பாகை ஏறுகிற ஹீற்சிங், அதாவது சூட்டை வெளியே விடுகிற அலுமினியத் துண்டு, காணும். எனக்கு ஒன்றேமுக்காலுக்குக் கீழே வேண்டும். அதாவது அவனுடையதைவிட நன்றாகப் பெரிய துண்டு, இரண்டு ஐசிக்கும் ஒன்றென்றால் இன்னும் இரட்டிப்பு. பாட்டு ஒருநாளும் தொடர்ந்து அந்த மோசமான இடத்திலேயே நிற்காது என்பது உண்மைதான். ஆனாலும் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்து வாங்கினால் அலுமினியம் பெரிய காசில்லை. ஏதோ ஒரு இன்வேர்ட்டருக்குள் இருந்த, சீப்புப்போலப் பல்லு வைத்த துண்டு ஒன்று கிடைத்தது. அதைப் பெட்டிக்கு வெளியே, பின்பக்கம் பூட்டினேன். பெட்டி ஒரு செத்த யூ.பி.எஸ்ஸினுடையது. காற்றுத் துவாரங்களுக்கு உள்ளே நுளம்பு வலை ஒட்டினேன். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் உள்ளே பல்லி முட்டை இடும், எறும்பு குடியிருக்கும். 230 வருகிற இடத்தில் பல்லி விழுந்தால் பல்லியும் போகும், பியூஸும் போகும்.

முதல் தரம் கரண்ட் கொடுப்பதற்கு முன் ஒரு பல்ப் வேண்டும். எல்.ஈ.டி அல்ல, உள்ளே இழை எரிகிற பழைய பல்ப், 60 வாற். அதை அம்போடு தொடராக இணைக்க வேண்டும். உள்ளே எங்கேயாவது சோட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், கால் அம்பியருக்கு மேலே ஓட விடாது, ஒன்றும் கருகாது. எல்லாம் சரியென்றால் பளிச்சென்று மின்னி, கப்பாசிற்றர் நிரம்பியதும் மங்கிவிடும். இந்தப் பல்ப் எங்கள் பக்கக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் ஒன்று இருந்தது, அம்மாவின் குஞ்சுப் பெட்டியில். கோழிக்குஞ்சுகளுக்குச் சூட்டுக்கு. "பகல்தானே, ஒரு மணித்தியாலம் தாங்கோ" என்று கழற்றி வந்தேன்.

சுவிச்சைப் போட்டேன். பல்ப் முழு வெளிச்சம். மேசை, என் கை, மீற்றர் எல்லாம் மஞ்சள். மங்கவேயில்லை. நிப்பாட்டினேன்.

கப்பாசிற்றர் இறங்கும்வரை காத்திருந்து, ஓம் வைத்துத் தேடினேன். பெட்டிக்கும் ஐசியின் முதுகுத் தகட்டுக்கும் இடையில் மீற்றர் கீச்சென்று கத்தியது. எல்.எம்.1875 இன் முதுகு உள்ளே மைனஸ் வோல்ற்றோடு ஒட்டியிருக்கிறது. அதனால்தான் அதற்கும் ஹீற்சிங்குக்கும் நடுவில் மைக்காவும், திருகாணிக்குப் பிளாஸ்ரிக் குழாயும் வைப்பது. நான் இரண்டும் வைத்திருந்தேன். இரண்டு ஐசியின் முதுகும் ஒரே மைனஸில் இருப்பதால் எது குற்றவாளி என்று மீற்றர் சொல்லாது. இடது பக்கத் திருகாணியைத் தளர்த்தினேன், கீச்சு நிற்கவில்லை. வலது பக்கத்தைத் தளர்த்தினேன், நின்றது. அந்த மைக்காவை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். வெங்காயத் தோல்போல மெல்லிய தகடு, ஓட்டைக்குப் பக்கத்தில் ஊசி குத்தினதுபோல ஒரு புள்ளி. அலுமினியத்தில் துளை போடும்போது விளிம்பில் எழும்பிய சிராம்பு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்து இழுத்தால் நகத்தில் மாட்டும். திருகாணியை இறுக்க அது மைக்காவைத் துளைத்துக்கொண்டு மற்றப் பக்கம் வந்திருக்கிறது. பெரிய துளையாணி ஒன்றைக் கையால் பிடித்து அந்த விளிம்பை மூன்று சுற்றுச் சுரண்டி, மெல்லிய உப்புத்தாள் போட்டு, விரல் வழுக்கும்வரை தேய்த்தேன். புது மைக்கா. இந்த முறை பல்ப் மின்னி, மங்கி, இழை மட்டும் சிவந்து நின்றது.

பல்ப் இல்லாமல் நேரே கொடுத்து அளந்தேன். அன்றைக்கு வீட்டுக் கரண்ட் 238. இரண்டு பக்கமும் 26.7 வோல்ற். அண்ணையின் நாற்பத்தைந்து பிழைக்கவில்லை. ஸ்பீக்கர் பூட்டும் இடத்தில் டிசி எவ்வளவு என்று பார்த்தேன்: 4 மில்லிவோல்ற், 7 மில்லிவோல்ற். 50க்குக் கீழே என்றால் ஸ்பீக்கருக்குப் பயமில்லை. பல்பைக் குஞ்சுகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்பீக்கர்களைப் பூட்டினேன்.

"ர்ர்ர்ர்" என்று இரைந்தது. வொலியூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே அளவு.

இரைச்சலில் இரண்டு வகை இருக்கிறது. அது தெரியாமல் வயரை மாற்றிப் பயனில்லை. தொண்டைக்குள் "ம்ம்ம்" என்று வருவது 50 ஹேர்ட்ஸ், நேரே கரண்டிலிருந்து வருகிறது. கொஞ்சம் கரகரத்து "ர்ர்ர்" என்று வருவது 100, கப்பாசிற்றர் நிரம்புகிற துடிப்பு. என்னுடையது ர்ர்ர். உள்வருகிற இடத்தைச் சோட் பண்ணினேன், அப்போதும் இரைச்சல் போகவில்லை. ஆகவே வெளியிலிருந்து வரவில்லை, என் வயரிங்தான். இரண்டு கப்பாசிற்றரையும் இணைக்கிற நடுக் கம்பியில், ரான்ஸ்போமரின் நடுத்தட்டு வந்து சேருகிற அதே மூலையிலிருந்து சிக்னல் எர்த்தையும் எடுத்திருந்தேன். அந்தக் கம்பியில் ஒவ்வொரு 10 மில்லிசெக்கனும் அம்பியர் கணக்கில் துடிப்பு ஓடுகிறது. கம்பியின் தடை மிகச் சிறியது, ஆனாலும் அரை மில்லிவோல்ற் நின்றால் அது 23 மடங்காகி 11 மில்லிவோல்ற்றாக வெளியே வரும். மீற்றரும் சரியாக 11 காட்டியது. கப்பாசிற்றர்களுக்கு அப்பால், துடிப்பு ஓடாத இடத்தில் ஒரு செப்புத் துண்டு வைத்து, எல்லா எர்த்தையும், ஸ்பீக்கர் திரும்புகிற வயர்களையும் அங்கேயே கொண்டுவந்து ஈயம் வைத்தேன். 11 ஒன்றாக இறங்கியது. காதைக் கூம்பில் வைத்தால்தான் கேட்கும்.

போனைப் பூட்டிப் பாட்டுப் போட்டேன். நல்ல சத்தம். போனிலிருந்து அரை வோல்ற் வந்தால் 23 மடங்கில் பதினொன்றரை வோல்ற், 8 ஓமுக்குப் 16 வாற் சொச்சம். அது கணக்கு. அப்பாவுக்குப் போன் சரிவராது, ரீவியின் டிஷ் பெட்டியிலும் பாட்டு வரும், அதைப் பூட்டு என்றார். பூட்டினேன். அன்று இரவு நல்லாகத்தான் பாடியது. அடுத்த நாள் காலை "ம்ம்ம்".

இது 50. கழற்றிப் பூட்டினேன், நின்றது. சரியென்று விட்டேன். பின்னேரம் திரும்பவும். மூன்று நாள் இப்படி. டிஷ் வயரைக் கழற்றினால் இரைச்சல் இல்லை, பூட்டினால் சிலவேளை உண்டு, சிலவேளை இல்லை. வந்து வந்து போகிற பிழையைப்போல மனிசனைக் கொல்லுகிறது வேறொன்றும் இல்லை. ரான்ஸ்போமரைத் திருப்பி வைத்தேன், வயரை முறுக்கினேன், சிக்னல் எர்த்துக்கு 10 ஓம் போட்டேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இந்த இடத்தில் பலபேர் பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிடச் சொல்லுவார்கள். வெட்டினால் இரைச்சல் போகும்தான். நான் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் இந்தக் கதையின் மிச்சம் எனக்குத் தெரிந்திராது.

நாலாம் நாள் காலை, இரைந்துகொண்டிருந்த அம்பின் பெட்டியைத் தொட்டபோது கையில் சுணுக்கென்று ஏதோ ஊர்ந்தது. டிஷ் வயரைக் கழற்றிவிட்டு ரெஸ்ரரை வைத்தேன், பெட்டியில் விளக்கு எரிந்தது. என் ரான்ஸ்போமரின் மூன்று தாளும் போய்விட்டதோ என்று வயிறு கலங்கிற்று. பிளக்கைச் சொக்கற்றிலிருந்து இழுத்தேன். ரெஸ்ரரை அந்தச் சொக்கற்றின் எர்த் ஓட்டையில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது. அம்ப் பூட்டாத சொக்கற்.

"என்னடா, கரண்ட் அடிக்குதோ?" அம்மா குடத்தோடு குசினிக்குள் வந்தவர் கேட்டார். ஓம் என்றேன். "கிணத்தடி மோட்டரிலையும் உப்பிடித்தான். சுள்ளெண்டும்."

"எப்பயிலையிருந்து?"

"அது கன நாளா. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டா அடிக்காது."

கிணற்றடிப் பக்கம் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போய் அதை நிப்பாட்டினேன். திரும்பி வந்து எர்த் ஓட்டையில் வைத்தேன், எரியவில்லை. டிஷ் வயரைப் பூட்டினேன். இரைச்சல் இல்லை. காலையும் பின்னேரமும்தான் இரைந்தது. காலையும் பின்னேரமும்தான் அம்மா தண்ணீர் இறைக்கிறவர்.

மீற்றரால் அளந்தேன். மோட்டர் ஓடும்போது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 236. அது சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் 138. அது 236ஐ ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 97. அது ஓரிரண்டு வோல்ற்றுக்கு மேலே போகக் கூடாது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். மீற்றர் பெட்டிக்குக் கீழே மண்ணுக்குள் இறங்கிய எர்த் கம்பியின் தலையைப் பிடித்து மெல்ல அசைக்க, செப்பு வயர் என் கையோடு வந்துவிட்டது. கிளிப் கறள் பிடித்து உதிர்ந்துபோய், வயரின் நுனியில் பச்சைப் பொடி. எவ்வளவு காலமாக அப்படி நின்றதோ, வயர் கம்பியில் சாய்ந்தபடி பூட்டினதுபோலவே தெரிந்தது.

இப்போது எல்லாம் ஒரு கோட்டில் வந்தது. மோட்டரின் கொயிலில் ஈரம் இறங்கி அதன் உடம்புக்குக் கரண்ட் கசிகிறது. அது எர்த் வயர் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். மண்ணோடு தொடுப்பு இல்லை. ஆகவே வீட்டில் எர்த் உள்ள எல்லாவற்றின் உடம்பிலும் ஏறி நிற்கிறது: மோட்டர், பிரிட்ஜ், என் அம்ப். மண்ணுக்குப் போகிற ஒரே வழி எங்கே? டிஷ் நிற்கிற இரும்புத் தூண். தூணிலிருந்து டிஷ் கேபிள், பெட்டி, சிக்னல் வயரின் மேற்சுற்று, என் அம்ப். மோட்டரின் கசிவு முழுக்க அப்பாவின் பாட்டு வருகிற வயரால்தான் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் அம்ப் இரைந்து சொன்னது.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை வெட்ட வேண்டிய ட்ரிப் சுவிச் ஏன் விழவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். மாதாமாதம் அதன் ரெஸ்ற் பட்டனை அமத்துவேன், பட்டென்று விழும். அந்தப் பட்டன் சோதிப்பது ட்ரிப் சுவிச்சை மட்டும். உள்ளே ஒரு றெசிஸ்ரரால் கொஞ்சக் கரண்டை வேறு வழியாகத் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான். எர்த் கம்பி மண்ணில் இருக்கிறதா, வானத்தில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 30 மில்லிஅம்பியர் வழி தவறிப் போனால்தான் அது விழும். தூண் வழியே போனது அவ்வளவு இல்லை. ஈரக் காலோடு ஒருவர் மோட்டரைச் சரியாகப் பிடித்தால் அவர் வழியேதான் அந்த 30 போயிருக்கும்.

வயரிங்காரர் ஒருவரைக் கூட்டிவந்தேன். ஆவணி மண்ணில் வீட்டுச் சுவரோரம் கம்பி அடிப்பது ஓட்டில் அடிப்பதுபோல, காய்ந்த மண் கரண்டை எடுக்காது என்றார். கிணற்றடித் தண்ணீர் ஓடிப் போகிற வாழையடியில், செப்புப் பூசிய நாலடிக் கம்பியை அடித்து, பித்தளைக் கிளிப் போட்டு, புது வயர் இழுத்தோம். அவருடைய மீற்றர் 40 ஓம் அளவு காட்டியது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் இருக்கிற வீட்டில் 50 வோல்ற்றைத் தாண்டாமல் இருக்க ஆயிரத்து அறுநூறு ஓம் வரை போகலாம், ஆகவே இது தாராளம்.

எர்த் பூட்டிவிட்டு மோட்டர் சுவிச்சைப் போட்டோம். வீடு முழுக்க இருட்டு. ட்ரிப் விழுந்துவிட்டது. "புதுசா ஏதோ பிழைச்சுப்போச்சு" என்றார் அம்மா. பிழைக்கவில்லை, இப்போதுதான் அது தன் வேலையைச் செய்தது. கசிவுக்கு நல்ல வழி கிடைத்ததும் 30ஐத் தாண்டிவிட்டது. மோட்டரைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பரந்தனுக்குப் போனேன். கொயில் கட்டுகிற அதே அண்ணை. மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு, ஈரக் கறுப்பை எனக்குக் காட்டினார். "உதோடையோ தண்ணி இறைச்சனீங்கள்?" பிறகு, "ரான்ஸ்போமர் எப்பிடி, பாடுதோ?" என்றார். இரண்டு வேலைக்கும் காசை ஒரு சதமும் குறையாமல் வாங்கிக்கொண்டார்.

மோட்டர் திரும்பி வந்த அன்று பின்னேரம் அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க அம்பைப் போட்டேன். சிக்னல் எர்த்தில் போட்ட 10 ஓமை எடுக்கவில்லை, இருக்கட்டும். அப்பா கதிரையை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்சிணாமூர்த்தியின் தவில் ஒரு பதிவு வைத்திருந்தேன். அம்பைச் சோதிக்கத் தவில்போல வேறொன்றும் இல்லை: தடி விழுகிற அந்தக் கணத்துக்குக் கப்பாசிற்றரில் இருப்பு இல்லையென்றால் அடி மழுங்கிப்போகும். இன்னும் பாட்டைத் தொடங்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போட்டுத்தான் கிடக்கோ?" என்றார்.

"போட்டுத்தான் கிடக்கு" என்று சொல்லி வொலியூமைத் தொட்டேன். கிற்றில் வந்த வொலியூம் பி50கே, நேர்கோட்டு வகை. முதல் கால் திருப்பிலேயே சத்தம் முழுக்க வந்துவிடும். தவில் வெடித்துக்கொண்டு வெளியே போக, முற்றத்தில் நின்ற தாய்க்கோழி குஞ்சுகளையும் விட்டுவிட்டு வேலிக்கு அப்பால் பறந்தது. அப்பா அசையவில்லை. குறைக்கவா என்று கையைக் காட்டினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். சிநேகிதன் அடுத்த தரம் புறக்கோட்டைக்குப் போகும்போது சத்தம் படிப்படியாகக் கூடுகிற ஏ50கே ஒன்று எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.